பதினொரு மணிப் போன்

நவம்பர் மாதம், புதன்கிழமை, காலை பதினொரு மணி. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பஜாரில், ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் இரண்டு அறை ஆபீஸில் பாண்டியம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோர மேசையில் ஸைமா கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே விடியற்காலையிலிருந்து விடாத மழை. எதிர்ச்சாரிக் கடைகளின் போர்டுகூடத் தெரியாத அளவுக்கு மூட்டம்.

பாண்டியம்மாளின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், அது அடித்துக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"எடுங்கக்கா. வீட்டுல இருந்து இருக்கப் போகுது," என்றாள் ஸைமா.

"வீட்டுல ஏது பாப்பா போனு? இருக்கது இந்த ஒண்ணுதான், அதுவும் எங்கிட்ட. இது வேற. பேசாத மாப்பிள்ளை."

"யாருக்கா அது?"

"தெனம் பதினோரு மணிக்கு அடிப்பான். எடுத்தா மூச்சு விட மாட்டான். நாமதான் அலோ அலோன்னு கத்தணும். பத்து எண்ணுறதுக்குள்ள வச்சிருவான். எனக்கு மட்டுமில்ல, எங்க லயத்துல எல்லாத்துக்கும் அடிக்கிறான். பெருமாயி மருமக பயந்துபோயி சிம்மையே கழட்டிப் போட்டிருச்சு. முகேஷு பய 'பேசாத மாப்பிள்ளை'ன்னு பேரே போட்டு வச்சிருக்கான். இப்ப ஒருத்தரும் எடுக்கிறதில்ல."

ஸைமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போனைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். கடைசி நாலு எண் ஏழு, ஏழு, சைபர், மூன்று.

சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். அது இந்த ஆபீஸ் வெளியே போன் போட மட்டும் வைத்திருக்கும் நம்பர்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அதுவரை நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட வேண்டும்.

பூம்பாறையிலிருந்து கூக்கால் போகும் வழியில், ரோட்டுக்குக் கீழே, ஆட்டுப்பாறை லயம் என்று முப்பத்தொரு வீடுகள் ஒரே வரிசையாக இருக்கின்றன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். பாண்டியம்மாள் ஏழு வயதில் வந்தவர். போன வருஷ மழையில் லயத்துக்கு மேலே சரிவில் ஒரு வெடிப்பு கண்டது. அகலம் அதிகமில்லை, கை நுழையும். வந்து பார்த்த நிலவியல் அதிகாரிகள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஒரு நாளைக்குள் நூற்றிருபது மில்லிமீட்டர் மழை தாண்டினால் லயத்தைக் காலி செய்துகொண்டு மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். தாலுகாவுக்கே பொதுவாக வருகிற மழைச் செய்தியில் இந்த ஒரு சரிவைப் பற்றி என்ன இருக்கும்? அதனால் ஒரு அறக்கட்டளை லயத்தில் மழைமானி வைத்தது. அளவு தாண்டினால் முப்பத்தொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்கிற வேலையை முருகவேல் என்பவர் நடத்தும் இந்தச் சின்னக் கம்பெனியிடம் கொடுத்தது. அதைச் செய்து முடித்தவள் ஸைமா. வயது இருபத்தாறு. பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் முகம்மது இஸ்மாயிலின் மகள்.

போன் போடுவது ஆள் இல்லை, மென்பொருள். எந்த நேரத்தில் எந்த வேலை நடக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டால் அது தானாகச் செய்யும். மணிக்கு ஒரு தரம் மழை அளவை வாங்கு. நூற்றிருபது தாண்டினால் எல்லோருக்கும் போன் போட்டு அபாயச் செய்தியைச் சொல். தினம் பதினொரு மணிக்குச் சோதனையாக ஒரு போன் போடு. ஆனால் அந்த மென்பொருளுக்கு நேரம் பார்க்கத்தான் தெரியும். ஒவ்வொரு வேலையையும் செய்யத் தேவையான சாமான் அத்தனையையும் ஒரே பொதியாகக் கட்டி அதன் கையில் கொடுத்துவிட வேண்டும். கன்டெய்னர் இமேஜ் என்று அதற்குப் பெயர். நேரம் வந்ததும் மென்பொருள் பொதியைப் பிரிக்கும், வேலையை முடிக்கும், தூக்கிப் போட்டுவிடும். இஸ்மாயில் பாய் கூக்கால் பஸ்ஸுக்குச் சாமான் மூட்டை கட்டுவதைப் போலத்தான். மூட்டையில் போட மறந்தது கூக்காலில் கிடைக்காது. ரெடிமேடாகக் கிடைக்கும் பொதிகளுக்குப் போன் போடத் தெரியாது என்பதால், ஸைமா இதற்கென்றே ஒரு பொதியைத் தன் கையால் கட்டினாள்.

கட்டியபோது அது பெருத்துப் போயிருந்தது. காரணம் முருகவேல். செய்தியைத் தன் குரலில்தான் பேசுவேன் என்று நாற்பது தரம் பதிவு செய்து, நாற்பதிலும் தொண்டையைக் கனைத்திருந்தார். கடைசியில் ஸைமாவின் குரலே போதும் என்று முடிவானது. ஆனால் அந்த நாற்பது கனைப்பும் அதே இடத்தில் கிடந்தன. கொடைக்கானல் லைனில் அவ்வளவு பெரிய பொதியைச் சென்னையிலிருக்கும் சர்வருக்கு ஏற்ற ஒரு மதியம் முழுக்க ஆகும், பாதியில் அறுந்தால் முதலிலிருந்து வரும். ஊர் நாட்டில், கீழே சமவெளியில் இருப்பவர்கள் பொதி எவ்வளவு பெரிதானாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். மலையில் வேலை செய்பவர்களுக்குத்தான் எதை எடுத்தாலும் எடையைக் குறைக்கிற புத்தி. பொதியில் சேர்க்கக் கூடாதவற்றை எழுதும் பட்டியலில் ஸைமா ஒரே ஒரு வரி சேர்த்தாள்: ஒலிப்பதிவுகள் எதுவும் வேண்டாம். பொதி மூன்றில் ஒரு பங்காக இளைத்தது. "சபாஷ், பாதி மதியம் மிச்சம்," என்றார் முருகவேல்.

நாற்பது கனைப்போடு அவளுடைய குரலும் வெளியே போய்விட்டது. அவள் அதை நினைக்கவில்லை. கட்டிய பொதியைப் பிரித்துப் பார்க்கவும் இல்லை.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள், தினம் பதினொரு மணிக்கு முப்பத்தொரு வீட்டுக்கும் போன் போனது. சொல்வதற்குக் குரல் இல்லாததால் சும்மா இருந்துவிட்டு வைத்தது. லயத்துக்காரர்களும் யாரிடமும் கேட்கவில்லை. பூம்பாறை, கூக்கால் பக்க மேல்மலையில் போனை எடுத்தால் பாதி நேரம் சத்தம் வராது, சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவது அங்கே பழக்கம். ஸைமாவின் திரையிலோ தினமும் பச்சை விளக்கு எரிந்தது. வேலை நடந்ததா என்றுதான் அந்த விளக்கு பார்க்கும். போன் போட்டாயா? போட்டேன். பச்சை. ஆள் எடுக்காவிட்டாலும் பச்சைதான். சிக்னல் இல்லாத வீட்டுக்கெல்லாம் சிவப்பு எரிந்து தொல்லை கொடுக்கிறதென்று அதை அப்படி மாற்றியவளும் அவளேதான்.

இப்போது ஆபீஸுக்கு வருவோம்.

எடுக்காத நம்பருக்கு ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போன் வரும். ஸைமா பாண்டியம்மாளின் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. மழைக்குள்ளே தூரத்தில் எதுவோ இரைவது மாதிரி ஒரு வெறும் சத்தம். பத்து விநாடி. வைத்துவிட்டது.

ஸைமா போனைப் பாண்டியம்மாளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

பொதியைத் தன் கம்ப்யூட்டரில் பிரித்தாள். குரல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். காலி. அது தெரிந்ததுதான் என்றாலும் மறுபடி பார்த்தாள். மழை அளவைப் பார்த்தாள். பதினொன்று பத்துக்கு, எழுபத்தொன்று.

"என்ன பாப்பா, மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு? காலையில சாப்பிட்டியா இல்லியா? தேத்தண்ணி போடவா?"

"போடுங்கக்கா," என்றாள், அவரை அடுத்த அறைக்கு அனுப்பினால் போதும் என்று.

முருகவேல் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல்லில் இருந்தார். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டார். இந்த முறை தொண்டையைக் கனைக்காமலே பேசினார்.

"பத்தொம்பது நாளா?"

"ஆமா சார்."

"சரி. மொதல்ல இமேஜ சரி பண்ணு. வெரசா ஏத்திரு. அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாத, என்னா? பயந்து ஆளாளுக்கு ஓடுனாங்கன்னா அதுல எவனாச்சும் வழுக்கி விழுந்து வைப்பான். நம்ம தலைதான் உருளும்."

பக்கத்து அறையில் டம்ளர் சத்தம் கேட்டது. பாண்டியம்மாளின் வீடு லயத்தில் இருபத்தொன்பதாம் நம்பர். வெடிப்புக்கு நேர் கீழே. அங்கே அவர் வீட்டுக்காரர் வீரையா கட்டிலில் கிடக்கிறார். போன மாதம் முட்டைக்கோஸ் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. இதெல்லாம் ஸைமாவுக்குத் தெரியும். தெரிந்தும் முருகவேல் சொன்னபடி வாயை மூடிக்கொண்டாள். ஒரு மணி நேரம். பிறகு எத்தனையோ நாள் அவள் எண்ணிப் பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

பட்டியலில் அந்த ஒரு வரியைத் திருத்தினாள். பொதியை மறுபடி கட்டினாள். இரண்டு தரம் கட்டளையைத் தப்பாக அடித்தாள். இந்த முறை பிரித்து, காதில் வைத்துக் கேட்டாள். அவளுடைய குரல், வெயில் காலத்தில் பதிவு செய்த தெளிவான குரல்: "இது ஆட்டுப்பாறை லயத்துக்கான செய்தி." மாறிய பகுதி மட்டும் போனால் போதும் என்பதால் பத்தே நிமிஷத்தில் ஏறிவிட்டது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, சோதனை வேலையைக் கையாலேயே ஓட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

பக்கத்து அறையில் பாண்டியம்மாளின் போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

"சனியன், இன்னைக்கு மூணாந்தரம்," என்றார் பாண்டியம்மாள்.

சாய்ந்தவள் நிமிர்ந்தாள். விளக்கை நம்பாமல் உள்ளே போய் ஒவ்வொரு நம்பராகப் பார்த்தாள். முப்பத்தொன்றில் எடுத்தது இரண்டு. மற்றதெல்லாம் எடுக்கவில்லை, தடுக்கப்பட்டது, அணைந்திருக்கிறது. பொதிக்குக் குரல் வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லை. பத்தொன்பது நாளாக, தன் போனை எடுக்க வேண்டாம் என்று முப்பத்தொரு வீட்டுக்கும் பழக்கிவைத்தது அவள்தான்.

பன்னிரண்டு பத்து. தொண்ணூற்றாறு.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். வண்டி ரோட்டில் விழுந்த மரத்தை அறுக்கப் போயிருக்கிறது, வரச் சுணங்கும் என்றார்கள். போனை வைத்தாள். பாண்டியம்மாள் இரண்டாம் தரம் போட்ட தேத்தண்ணியோடு வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா, அந்த மாப்பிள்ளை நான்தான்."

பாண்டியம்மாளுக்கு விளங்கவில்லை. ஸைமா நின்றுகொண்டே சொன்னாள். மழை, வெடிப்பு, தன் குரல், தான் சேர்த்த ஒரு வரி. இமேஜ், பொதி என்றெல்லாம் சொல்லத் தொடங்கி, அதை விட்டுவிட்டு, "அபாயம்னா போன் வரும்னு சொன்னோம்ல, அந்தப் போன்தான்கா இது. நான் செஞ்ச தப்புல அது பேசாமப் போச்சு," என்றாள்.

பாண்டியம்மாள் டம்ளரை மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்ப எங்க வீட்டுக்காரர யாரு கூப்புடுறது?" என்று மட்டும் கேட்டார்.

"வாங்க, அத்தா கடைக்குப் போவோம்."

அது அவளுக்கு எப்படித் தோன்றியது என்று அவளுக்கே தெரியாது. இஸ்மாயில் பாய் கடை நம்பர் மேல்மலையில் எல்லோர் போனிலும் உண்டு. சாமான் சொல்வது அந்த நம்பரில், பஸ்ஸில் மூட்டை ஏறிவிட்டதா என்று கேட்பது அந்த நம்பரில், டவுனில் இருக்கும் ஆளுக்குச் சேதி சொல்லி விடுவதும் அந்த நம்பரில். அது அடித்தால் எடுப்பார்கள்.

நம்பர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு இரண்டு பேரும் நனைந்தபடி ஓடினார்கள். இஸ்மாயில் கல்லாவில் மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். மகள் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். இரண்டு கேள்விதான் கேட்டார். எத்தனை வீடு, எத்தனை மணிக்குள்ளே. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் நம்பரைப் போட்டார்.

"அலோ, பெருமாயியா? நான் மூஞ்சிக்கல் பாய் பேசுறேன்."

"பாய், நான் சொன்ன வெல்லம் பஸ்ஸுல வரவே இல்லியே. பச்சரிசி மட்டும் வந்து கெடக்கு."

"வெல்லம் கெடக்கட்டும்மா. இப்ப எம் மக பேசுவா. அவ சொல்றதக் கேளு." போனை ஸைமாவிடம் நீட்டினார். "நீயே சொல்லு. ஒளறாமச் சொல்லு."

ஸைமா போனை வாங்கினாள். பயத்தில் பதிவு செய்த வாசகம்தான் வந்தது. "இது ஆட்டுப்பாறை லயத்துக்கான செய்தி. மழை அளவு..."

"யாரு பேசுறது? ரேடியோவா?"

பாண்டியம்மாள் போனைப் பிடுங்கினார். "ஏய் பெருமாயி, நான்தான். சரிவு எறங்கப் போகுதாம். இருக்கிறத இருக்கிறபடி போட்டுட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறு. வெல்லத்த அங்க வந்து கேளு. எங்க வீட்டுக்காரரத் தட்டி எழுப்பு, விளங்குதா?"

அப்படித்தான் ஒவ்வொரு நம்பராகப் போனது. கடை போனில் ஸைமா, தன் போனில் இஸ்மாயில். சிலர் உடனே சரி என்றார்கள். "நவம்பர் மாசம் மழை பெய்யாம வெயிலா அடிக்கும்?" என்று ஒருவர் வைத்துவிட்டார். அவருக்கு இஸ்மாயில் மறுபடி போட்டு, "நான் இத்தன வருஷத்துல ஒனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கனா?" என்றார். ஒரு பெண் பூண்டு காயப்போட்ட பரணை விட்டு வரமாட்டேன் என்று அழுதது. இருபதாவதாக முகேஷ் கிடைத்தான். லயத்திலேயே வாட்டசாட்டமான ஆள், பூண்டு லோடு ஏற்றுபவன்.

ஸைமா அவனிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. தினம் வரும் அந்தப் போனும் தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள்.

"அட, மாப்பிள்ளை நீங்கதானா?" என்று சிரித்தான். "பொண்ணுன்னு தெரியாம நான் தெனம் என்னென்னமோ வஞ்சிருக்கேனே."

"இன்னும் வையுங்க. அப்பறம் வையுங்க. இப்ப வீரையா அண்ணனத் தூக்கணும், அவரால நடக்க முடியாது. போன் எடுக்காத வீட்டையெல்லாம் போய்த் தட்டணும். நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

சிரிப்பு நின்றது. "சொல்லுங்க," என்றான்.

நாலு, ஒன்பது, பதினாலு, பதினேழு, இருபத்திரண்டு என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபத்தொன்பது என்று சொன்னாளா, அதற்குள் லைன் அறுந்ததா என்பது அவளுக்கு நிச்சயமில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை. அடுத்த நம்பருக்கும் போகவில்லை. ஆட்டுப்பாறைப் பக்கம் டவர் படுத்துவிட்டது.

மணி ஒன்று இருபது. காகிதத்தில் இருபது வீட்டுக்கு டிக் விழுந்திருந்தது. மழை அளவு கடைசியாக வந்தது நூற்றுப் பதின்மூன்று.

அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. கூக்கால் பஸ் கீழே வரவில்லை. மேலேயும் போகவில்லை. பாண்டியம்மாள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்மாயில் மதிய லுஹர் தொழுகையைக் கடையின் பின்னாலேயே தொழுதுவிட்டு வந்தார். ஸைமா அந்தக் காகிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். இருபத்தொன்பதுக்கு நேரே டிக் இல்லை. பெருமாயியிடம் சொன்னது சேர்ந்திருக்குமா? பெருமாயிக்கு அறுபது வயது, மாவுக்கட்டு போட்ட ஆளை அவரால் அசைக்க முடியுமா? முகேஷ் வரிசையின் இந்த முனையிலிருந்து தட்டத் தொடங்கியிருந்தால் கடைசிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? தட்டிக்கொண்டிருக்கும்போதே மண் வந்துவிட்டால்? முகேஷை அங்கே அனுப்பியதும் அவள்தானே.

"அவரு வரமாட்டேம்பாரு பாப்பா," என்றார் பாண்டியம்மாள், யாரும் கேட்காமலே. "பிடிவாதம். பேசாத மாப்பிள்ளை சொன்னான்னு எந்திரிச்சுப் போகச் சொல்றியான்னு கேப்பாரு."

ஸைமாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு பத்துக்குப் பாண்டியம்மாளின் போன் அடித்தது. மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். ஏழு, ஏழு, சைபர், மூன்று. மழைமானி தானாக ஏதோ வழியில் கணக்கை அனுப்பியிருக்கிறது. அளவு தாண்டிவிட்டது. மென்பொருள் நேரம் தவறாமல் பொதியைப் பிரித்துத் தன் வேலையைச் செய்கிறது.

பாண்டியம்மாள் இந்த முறை எடுத்தார். காதில் வைத்தார். கடைக்குள் அவ்வளவு அமைதி, ஸைமாவுக்குத் தன் குரல் தெளிவாகக் கேட்டது. "இது ஆட்டுப்பாறை லயத்துக்கான செய்தி. மழை அபாய அளவைத் தாண்டிவிட்டது. எல்லோரும் உடனே வீட்டை விட்டு வெளியேறி மேலே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். யாருக்காகவும் காத்திருக்காதீர்கள்." அது இரண்டு தரம் சொல்லும். இரண்டு தரமும் பாண்டியம்மாள் கேட்டார்.

"நல்லாத்தான் பேசுற," என்றார். போனை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

மூன்று மணி. மூன்று கால். வெளியே மூட்டம் கடைவாசல் படி வரை ஏறிவிட்டது.

மூன்று முப்பத்தைந்துக்குக் கடை போன் அடித்தது. தெரியாத நம்பர். இஸ்மாயில் எடுத்தார், கேட்டார், போனைப் பாண்டியம்மாளிடம் நீட்டினார்.

"இந்தா புள்ள," என்றது வீரையாவின் குரல். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, கடை முழுக்கக் கேட்டது. "நீ என்ன சொல்லிவிட்ட இவனுகள்ட்ட? பொணத்தத் தூக்குற மாதிரி கட்டிலோட தூக்கிட்டு வந்துட்டானுக. மாவுக்கட்டு நனைஞ்சு கூழாப் போச்சு. ஆசுபத்திரிக்காரன் கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

பாண்டியம்மாள் அலறவில்லை, அழவில்லை. "எங்கருந்து பேசுறீக?" என்றார்.

"பூம்பாறை. பள்ளிக்கூடத்துல சிக்னல் இல்லன்னு டிராக்டர்ல போட்டு இங்க கொண்டாந்துட்டானுக."

"எல்லாரும் வந்துட்டாகளா?"

"எண்ணிப் பாத்தாச்சு. எல்லாம் இருக்கு. பெருமாயி வெல்லம் வெல்லம்னு பாய வஞ்சிக்கிட்டு இருக்கா."

"வீடு?"

 

"வீடு இல்ல புள்ள," என்றார் வீரையா. "ரெண்டே முக்காலுக்கு வந்துச்சு. கடைசி ஆறு வீடும் மண்ணுக்குள்ள."

வெள்ளிக்கிழமை ரோடு திறந்தது, டவரும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. வெள்ளனே கிளம்பிய முதல் வண்டியில் இஸ்மாயில் அரிசியும் பருப்பும் ஏற்றினார், பெருமாயிக்கு வெல்லமும். ஸைமாவும் ஏறிக்கொண்டாள். முருகவேல் வரவில்லை. நாலு வரியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தார். "தொழில்நுட்பக் கோளாறு என்று மட்டும் சொல்" என்பது அதில் மூன்றாவது வரி.

பள்ளிக்கூட ஹாலில் முப்பத்தொரு குடும்பமும் பாய் விரித்துக் கிடந்தது. ஸைமா நடுவில் நின்று, முகேஷிடம் சொன்ன மாதிரியே, எதையும் விடாமல் சொன்னாள். கோளாறு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் என்றாள். வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தையும் சொன்னாள்.

கடைசி ஆறு வீட்டுக்காரர்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். பெருமாயியின் மருமகள், "அப்ப போனப் போட்டு எவனும் என்னையப் பாத்துக்கிட்டு இல்லையா?" என்று கேட்டது. இல்லை என்றாள் ஸைமா. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "இத்தன நாளும் நான் கதவப் பூட்டிக்கிட்டுக் கெடந்தேன்," என்றது.

"இன்னைக்குப் பதினோரு மணிக்கும் வரும். நம்பரத் தடுத்து வச்சிருந்தா தடுப்ப எடுத்துருங்க. பேசுதான்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள் ஸைமா. பத்து மணி வரை அவள் ஒவ்வொரு போனாக வாங்கித் தடை நீக்கிக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு அந்த ஹாலில் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. எடுத்தார்கள். ஒன்றுக்கொன்று அரை நொடி முன்பின்னாக ஸைமாவின் குரல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. "இது ஆட்டுப்பாறை லயத்துக்கான செய்தி. இது சோதனை அழைப்பு." எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இந்தா, மாப்பிள்ளை வாயத் தொறந்துட்டாரு," என்றான் முகேஷ். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"எனக்குப் பேசல பாப்பா," என்றார் மூலையிலிருந்து பெருமாயி.

ஸைமா பாய்களைத் தாண்டி ஓடினாள். போனை வாங்கிக் காதில் அழுத்தினாள். ஒன்றுமில்லை. அதே வெறும் இரைச்சல். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பிறகு, வெகு தூரத்தில் யாரோ பேசுவது மாதிரி, அவளுடைய குரல் கேட்டது. சத்தம் அடிமட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது.

பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் கூட்டினாள். செய்தி இரண்டாம் தரமும் சொல்லி முடிந்து, அந்தப் பக்கம் தானாக வைத்துவிட்டது. பெருமாயி கை நீட்டிக் காத்திருந்தார். ஸைமாவுக்குப் போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.